மெழுகுவத்தி வெளிச்சமும் ஒரு பழைய லென்ஸும்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "ப்ரோ, வீடியோ சினிமா மாதிரி தெரியணும்னா எந்த லென்ஸ் வாங்கணும்?" இதே கேள்வியோட நான் ஒரு தடவை வேளாங்கண்ணிக்குப் போனேன். அங்கிருந்தே ஆரம்பிக்கறேன்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 வரைக்கும் திருவிழா. அப்பாயியைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். கையில ஒரு சின்ன மிரர்லெஸ் கேமரா, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஹீலியாஸ் 58 எம்எம். சோவியத் காலத்து லென்ஸ். பின்னாடி இருக்கற லைட்டெல்லாம் சுழல்ற மாதிரி மங்கும், அதுக்காகவே வாங்கினது. இருட்டினதும் கோயில் முழுக்க சீரியல் செட். அப்பாயி மெழுகுவத்தி ஏத்தறாங்க. லென்ஸை எஃப் 2-க்கு முழுசா திறந்து எடுத்தேன். கேமராவோட குட்டி ஸ்க்ரீன்ல பார்த்தா செமயா இருந்தது.

லாட்ஜுக்கு வந்து லேப்டாப்ல போட்டேன். முகத்துல பாதி வெள்ளைத் திட்டு. 255, 255, 255. அங்க டேட்டாவே இல்ல. காது ஷார்ப்பா இருக்கு, கண்ணு மங்கல்.

நல்லவேளை, கேமராவோடவே வந்த கிட் லென்ஸ்லயும் ஒரு கிளிப் எடுத்திருந்தேன். அதே செட்டிங். அந்த லென்ஸ் அவ்வளவு அகலமா திறக்காது, அதனால படம் இருட்டா பதிவாகியிருந்தது. கலர் கரெக்‌ஷன்ல கொஞ்சம் தூக்கினதும் சுடரோட வெளிச்சம் கன்னத்துல மெல்ல மெல்லக் கரையுது, சுருக்கம் எல்லாம் தெரியுது. "இது ஃபிலிமாடா?"ன்னு தம்பி கேட்டான். என் திறமை எதுவும் இல்ல, தற்செயல்தான்.

காரணம் இதுதான். ஃபிலிம்ல வெளிச்சம் அதிகமாக அதிகமாக, பதிவு மெதுவா அடங்கும். சென்சார் ஒரே நேர்கோட்டுல ஏறி, நிரம்பினதும் டக்குன்னு வெட்டிடும். எந்த லென்ஸ் போட்டாலும் அந்த வெட்டு மாறாது.

அப்போ இந்த லென்ஸ் மோகம் எங்கிருந்து வந்தது? 'நாயகன்' ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் இயக்கின 'வானம் வசப்படும்' (2004), தமிழ்ல டிஜிட்டல்ல எடுத்த ஆரம்பகாலப் படங்கள்ல ஒண்ணு. அந்தக் காலத்து எச்.டி கேமராக்கள்ல சென்சார் ரொம்பச் சின்னது. பின்னணியை மங்கலாக்கறது கஷ்டம். 2008-ல கேனான் 5டி மார்க் 2 வந்ததும் அது சுலபமாச்சு. அன்னைலேருந்து மங்கல்னா சினிமான்னு மனசுல பதிஞ்சிடுச்சு.

லைட்டைச் சுத்தி வர்ற செம்மஞ்சள் ஒளிவட்டத்தையும் லென்ஸ் கணக்குல எழுதறோம். அது ஃபிலிமோட வேலை. வெளிச்சம் ஃபிலிமுக்குள்ள ஊடுருவி, அடிப்பக்கம் பட்டுத் திரும்பி வரும்போது முதல்ல சிவப்பு அடுக்கைத் தொடும். அதுக்குப் பேர் ஹேலேஷன்.

ஒளிப்பதிவாளர் ஸ்டீவ் யெட்லின் ஃபிலிம்லயும் டிஜிட்டல்லயும் எடுத்த காட்சிகளைச் சேர்த்துக் காட்டியிருக்கார். எது எதுன்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். நிறம், கிரெய்ன், ஹேலேஷன் எல்லாத்தையும் கணக்கு போட்டே கொண்டு வந்தார். 'நைவ்ஸ் அவுட்' (2019) டிஜிட்டல்ல எடுத்ததுதான்.

லென்ஸ் வேஸ்ட்னு சொல்லல. பழைய லென்ஸ்ல கோட்டிங் கம்மி, வெளிச்சம் உள்ளேயே சிதறி கான்ட்ராஸ்டைக் குறைக்கும், டிஜிட்டலோட கூர்மை கொஞ்சம் தணியும். ஆனா அது கடைசி 10 ரூபாய். முதல் 90 ரூபாயை வேற இடத்துல போடுங்க: வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாருங்க. ஜீப்ரா ஆன் பண்ணி, முகத்துல கோடு மறையற வரைக்கும் எக்ஸ்போஷரைக் குறைங்க. 24 ஃப்ரேம், ஷட்டர் 1/50. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், 1/50 வெச்சா சீரியல் செட் பெரும்பாலும் மினுக்காது.

அப்பாயிக்கு இப்போ முட்டிவலி, அதுக்கப்புறம் திருவிழாவுக்குப் போகல. அந்த ராத்திரிக்கு ரீடேக் கிடையாது. என்கிட்ட மிச்சம் இருக்கறது அந்த கிட் லென்ஸ் கிளிப்தான். லென்ஸ் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி, இன்னைக்கு ராத்திரி வீட்டுல ஒரு மெழுகுவத்தி ஏத்தி எடுத்துப் பாருங்க. எப்படி வந்ததுன்னு சொல்லுங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.