வண்டிக்கு அடியில் கை விடும் முன்

(சமயபுரத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "மேடம், கடன் வாங்கி வண்டி எடுத்தாச்சு. ஒவ்வொரு சின்ன வேலைக்கும் கடைக்குப் போனா காசு கரையுது. வீட்டிலேயே பார்த்துக்க முடியாதா?" நியாயமான கேள்வி. விடியற்காலையில் காந்தி மார்க்கெட் போய்ப் பூ, காய் எடுத்து வருகிறவர்களுக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமே போச்சு.

பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கேலி பேசினவங்களும் உண்டு. 2018 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியமாகக் கிடைத்தது. அந்தத் திட்டம் பிறகு நின்றுவிட்டது. ஆனாலும் அதில் வாங்கிய வண்டிகள் இன்னும் பல வீட்டு வாசலில் நிற்குது. பழைய வண்டிக்குத்தானே வேலை அதிகம் வரும்!

ஓட்டுவது வேறு, அடியில் கை விடுவது வேறு. நம்ம "ஸ்கூட்டி" என்று சொல்லும் கியர் இல்லாத வண்டி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஏறக்குறைய 100 கிலோ எடை. ஒரு மூட்டை அரிசியை விட அதிகம். நம்ம பகுதியில் ஒரு சகோதரி வீட்டில் பின்சக்கரத்தில் சுற்றிய நைலான் கயிற்றை எடுக்க, வண்டிக்கு அடியில் இரண்டு செங்கலை அடுக்கி வைத்தார்கள். வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார், இவங்க கையை விட்டாங்க. ஒரு செங்கல் உடைந்தது. இரண்டு விரலில் தையல். அந்தக் கையால் பூக்கட்ட முடியாமல் பல நாள் வீட்டில் உட்கார்ந்தாங்க. அந்த மாதத் தவணையைக் குழுவில் மற்றவர்கள்தான் சமாளித்தார்கள். ஆள் பிடித்துக்கொள்வதும், செங்கல் அடுக்குவதும் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, எப்படித்தான் பார்ப்பது? சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது அடியில் எந்த வேலையும் செய்யக்கூடாது. சென்டர் ஸ்டாண்டு போட வேண்டும். "எனக்குத் தூக்க வலு இல்லை" என்று பலர் வீட்டுக்காரருக்காகக் காத்திருக்கிறீங்க. இது கைவலு வேலையே இல்லை. வண்டிக்கு இடது பக்கம் நில்லுங்க. இடது கை ஹேண்டிலில், வலது கை சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியில். வலது காலால் ஸ்டாண்டின் நாக்கை அழுத்தி, அதன் இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையைத் தொடுதா என்று பாருங்க. ஒரு கால் மட்டும் தொட்டால் வண்டி சாயும். பிறகு உடம்பு எடை முழுவதையும் அந்தக் காலில் இறக்குங்க, கை லேசாகப் பின்னால் இழுத்தால் போதும், வண்டி தானே ஏறிவிடும். ரப்பர் செருப்பு வழுக்கும், அதைக் கழற்றி வைத்துவிட்டு பூட்ஸோ நல்ல பிடிப்புள்ள செருப்போ போடுங்க.

தரை முக்கியம். மண் தரையில் ஸ்டாண்டு புதையும். வீட்டுக்குள் வண்டி ஏற்றக் கட்டிய சிமெண்டுச் சரிவில் நிறுத்தவே கூடாது. சமமான சிமெண்டு முற்றம்தான் சரி. சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை யாராவது முன்பக்கம் தள்ளினால் ஸ்டாண்டு மடங்கி இறங்கிவிடும். அதனால் முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு மரக்கட்டை. வலது கைப் பிரேக்தான் முன்சக்கரத்துக்கு, அந்த லீவரைப் பழைய சைக்கிள் ட்யூப் துண்டால் இழுத்துக் கட்டிவிடுங்க. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்க, பிள்ளைகள் கையில் கிடைக்கக்கூடாது. இறுகின நட்டைக் கழற்றும்போது ஸ்பேனரை வண்டி முன்னால் போகிற மாதிரி உந்தாதீங்க.

இவ்வளவு செய்த பிறகும் தலையோ தோளோ அடியில் போகக்கூடாது. பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, கை மட்டும் போகட்டும். பார்க்கணுமா? செல்போனில் லைட்டைப் போட்டு அடியில் நீட்டி வீடியோ எடுங்க. ஆயில் எங்கே கசியுது, எந்த நட்டு இல்லை, ஸ்டாண்டு எங்கே துருப்பிடிச்சிருக்கு எல்லாம் தெரியும். அதையே மெக்கானிக்கிடம் காட்டினால் தேவையில்லாத வேலையை நம்ம தலையில் கட்டவும் முடியாது. ஒரு சின்னக் கண்ணாடி இருந்தாலும் போதும்.

வண்டியைப் படுக்க வைத்துப் பார்க்கலாமே என்பார்கள். அந்தக் காலத்து சேத்தக் ஸ்கூட்டரைச் சாய்த்து உதைத்த நினைப்பு அது. இப்போதுள்ள வண்டியைப் படுக்க வைத்தால் மூடி வழியாகப் பெட்ரோல் சொட்டும், இன்ஜின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் போகும். பக்கத்தில் அடுப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓடி வந்த வண்டியின் சைலன்சர் தொட்டால் தோல் உரியும். அரை மணிக்கு மேல் ஆறட்டும். புடவைத் தலைப்பு, துப்பட்டா, பின்னல் எல்லாவற்றையும் செருகிக் கட்டுங்க, வளையலைக் கழற்றுங்க. பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது இன்ஜினை ஓடவிட்டுக் கை வைக்காதீங்க. கதவை மூடிய ரேழியில் இன்ஜினை ஓட விடுவதும் ஆபத்து, அந்தப் புகை வாசனை தெரியாமலே மயக்கும்.

சேறு சுரண்டுவது, சுற்றிய நூல் கயிறு எடுப்பது, ஸ்டாண்டு மூட்டில் கிரீஸ் வைப்பது, ஆயில் மாற்றுவது, இவ்வளவும் வீட்டில் ஆகும். ஆயில் போல்ட்டை மறுபடி பூட்டும்போது பலம் கொண்டமட்டும் முறுக்காதீங்க. அலுமினிய மரை பிய்ந்தால் கடைச் செலவு பல மடங்கு. ஸ்டாண்டு ஸ்பிரிங் மாட்டுவதை விட்டுவிடுங்க, அது தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. அடியில் நிமிர்ந்து பார்த்துச் செய்ய வேண்டிய வேலை எதுவானாலும், வண்டியை லிஃப்டில் ஏற்றும் சர்வீஸ் கடைதான் சரி. பக்கத்தில் நின்று பாருங்க, "இது என்ன, ஏன் கழற்றுறீங்க"ன்னு கேளுங்க. பேட்டரி வண்டி வைத்திருக்கிறவங்க அடியில் எந்த மூடியையும் திறக்க வேண்டாம்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் கேனில் அடைத்து மெக்கானிக் கடையில் கொடுங்க. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வண்டி உள்ளவர்கள் வண்டியோடு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் முற்றத்தில் ஒவ்வொருவரும் சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பழகலாம். மரக்கட்டையும் ட்யூப் துண்டும் நான் கொண்டு வருகிறேன்.