காயத்தைக் கட்டத் தெரிந்த அன்பு

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை. பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 10:25-37)



நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். குருவும் லேவியரும் விலகிப் போனார்கள், சமாரியர் நின்றார் என்பதோடு பெரும்பாலும் முடித்துவிடுகிறோம். நின்ற பிறகு அவர் என்ன செய்தார் என்பதை இன்று கவனிப்போம்.

அவர் அருகே போனார். காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார். அந்தக் காலத்தில் மது புண்ணைக் கழுவுவதற்கு, எண்ணெய் எரிச்சலைத் தணிப்பதற்கு. கட்டுப்போட்டார். சாவடிக்குக் கொண்டுபோய்த் தாமே கூட இருந்து பார்த்துக்கொண்டார். மறுநாள் சாவடிக்காரர் கையில் இரண்டு தெனாரியம், அதாவது இரண்டு நாள் கூலி, கொடுத்தார். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆக, அவரிடம் இரக்கம் இருந்தது. கைப்பக்குவம் இருந்தது. பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்த பிறகும் விட்டுவிடாத மனம் இருந்தது.

இந்த மூன்றும் இன்று நம் வீட்டு உள்ளறையில் தேவைப்படுகின்றன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் பக்கவாதத்தில் படுத்த அப்பா, இடுப்பெலும்பு முறிந்த அம்மா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழகத்தில் பத்துப் பேரில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர்.

திண்டிவனம் பக்கம் ஒரு வீட்டுக்கு நற்கருணை கொண்டு போயிருந்தேன். தாயின் மேல் உயிரையே வைத்திருக்கும் மகன். தலைமாட்டில் மாதா படம், பழங்கள், புது விரிப்பு. ஆனால் அறையில் ஒரு வாடை. மருமகள் மெல்லத் திருப்பிப் பார்த்தபோது, இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். “அசைச்சா அம்மாவுக்கு வலிக்கும்னு அசைக்காமலே விட்டுட்டோம் சாமி” என்று அந்த மகன் அழுதார். அன்பில் ஒரு குறையும் இல்லை. அந்த அன்புக்கு யாரும் வழி சொல்லித் தரவில்லை.

அதனால் சிலவற்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். மறையுரையில் இதெல்லாமா என்று நினைக்காதீர்கள். எண்ணெயும் மதுவும் நற்செய்தியில்தான் இருக்கின்றன.

தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். தண்ணீர் மெத்தை, காற்று மெத்தை வாங்கினாலும் திருப்பத்தான் வேண்டும். பிடித்து இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள்; இழுத்தால் தோல் உரியும். இடுப்பின் அடிப்பகுதி, குதிகால், தோள்பட்டை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்திருந்தால் அங்கே தேய்க்காதீர்கள், செவிலியரிடம் காட்டுங்கள். ஈரத் துணியிலோ நனைந்த டயபரிலோ கிடக்க விடாதீர்கள்.

படுத்த வாக்கில் கஞ்சி ஊற்றாதீர்கள். சாய்த்து உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. குளிப்பாட்டும் முன் தண்ணீரின் சூட்டை உங்கள் கையில் பாருங்கள். சர்க்கரை நோயாளியின் காலுக்குச் சூடு தெரியாமல் போகலாம். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு ஒரு விளக்கு எரியட்டும். தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இன்னொன்று, மானம். உடம்பு துடைக்கும்போது கதவைச் சாத்துங்கள், ஒரு துணியால் மூடுங்கள். “அப்பா, இப்போது திருப்பப் போகிறேன்” என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். பேச்சு நின்றவருக்கும் காது கேட்கலாம்.

சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சாவடிக்காரர் கதை பொருந்தும். சமாரியர் காசும் கொடுத்தார், திரும்பி வருவதாகவும் சொன்னார். வேலைக்கு வரும் அக்காவுக்கு இந்த வேலை தெரியுமா என்று கேளுங்கள். தெரியாததைக் கற்றுக்கொள்ள வழி செய்யுங்கள். நேரத்துக்குச் சாப்பாடு, தூங்க இடம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். இரவு பகலாக விழித்திருப்பவரின் கை நடுங்கும். செல்போனில் மட்டும் விசாரிக்காமல் நேரில் வந்து, போர்வையை விலக்கிப் பாருங்கள்.

பல வீடுகளில் அந்தச் சாவடிக்காரர் நம் வீட்டு மருமகள்தான். அவருக்கு இரண்டு தெனாரியமும் இல்லை, ஓய்வும் இல்லை. அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, பணம் அனுப்புவதோடு நில்லாமல் முறை வைத்து நாட்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

உதவி தூரத்தில் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கான செவிலியர் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வரும் செவிலியரிடம், எப்படித் திருப்புவது என்று செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். முதியவர் கைவிடப்பட்டாலோ துன்புறுத்தப்பட்டாலோ 14567 என்ற எண்ணை அழைக்கலாம். பெற்றோரைப் பராமரிக்க 2007ஆம் ஆண்டுச் சட்டமும் பிள்ளைகளைக் கடமைப்படுத்துகிறது. ஆனால் சட்டம் வாசல் வரைதான் வரும். படுக்கை வரை நாம்தான் போக வேண்டும்.

நாளை ஜூலை 14, புனித கமில்லஸ் திருவிழா. படைவீரராகவும் சூதாடியாகவும் இருந்தவர். ஆறாத கால் புண்ணோடு உரோமை மருத்துவமனைக்குப் போனவர், அங்கே நோயாளிகள் கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கண்டார். 1582இல் தோழர்களைச் சேர்த்து, நோயுற்ற ஒரே பிள்ளையைத் தாய் கவனிப்பதுபோல் அவர்களைக் கவனிக்கக் கற்பித்தார். திருச்சபை அவரை நோயாளிகளுக்கும் செவிலியருக்கும் பாதுகாவலராக வணங்குகிறது.

இம்மாதம் நான்காம் ஞாயிறு தாத்தா பாட்டிகள், முதியோர் உலக நாள். அதற்கு முன்பாக, அன்பியக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: நம் தெருவில் எந்த வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார்? அங்கே இரண்டு பேர் போய், “நாங்கள் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போய்த் தூங்குங்கள்” என்று அந்த மருமகளிடம் சொல்லுங்கள். நீயும் போய் அப்படியே செய் என்று ஆண்டவர் இன்று நம்மை அனுப்புவது அந்த வீட்டுக்குத்தான்.

அன்பு இறைவா, நோயுற்றோரைத் தொடும் எங்கள் கைகளுக்குப் பரிவையும் பக்குவத்தையும் பொறுமையையும் தந்தருளும். ஆமென்.