மானியம் ஒருமுறை வரும், தண்ணி தினமும் வரவேண்டும்

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே விசயத்துக்கு வருகிறோம்.

எந்த டிவிசனுக்குப் போனாலும் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான். "ஐயா, வெளிநாட்டு ரோட்டரிக்காரங்க தோட்டங்களுக்குத் தண்ணி டாங்கி கட்டிக் குடுக்கிறாங்களாமே, நமக்கும் ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க." லெட்டர் எழுதுவது பெரிய வேலையில்லை. ஆனால் லெட்டரை மட்டும் பார்த்து அந்தக் காசு வராது. அது எப்படி வருகிறது, அதற்கு நம்ம பக்கத்தில் என்ன வேலை இருக்கிறது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

முதலில் இவர்கள் யார்? ரோட்டரிக் கழகம் 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் தொடங்கியது. கொழும்பில் 1929இல் ஆரம்பித்தார்கள். லயன்ஸ் கழகம் 1917இல் தொடங்கியது. லயன் என்றதும் நம்ம லயத்தை நினைக்காதீர்கள், இது சிங்கம்! டாக்டர்மார், லோயர்மார், வியாபாரிகள் இப்படிப் பல தொழில் செய்பவர்கள் சேர்ந்து நடத்தும் சேவைக் கழகங்கள் இவை. அரசாங்கமும் இல்லை, கட்சியும் இல்லை. பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தது ஞாபகம் இருக்கிறதல்லவா? உலகம் முழுவதும் அந்த நோயை ஒழிக்க 1985இலிருந்து ரோட்டரி பெரிய அளவில் காசு சேர்த்து வருகிறது. நம்ம நாட்டில் கடைசியாகப் போலியோ கண்டது 1993இல்.

இவர்களிடம் காசு எப்படிச் சேர்கிறது? 1917இல் ஆர்ச் கிளம்ப் என்ற ரோட்டரித் தலைவர், உலகத்துக்கு நல்லது செய்ய ஒரு நிதி வேண்டும் என்றார். அடுத்த வருசம் கான்சாஸ் சிட்டி கழகம் அதற்கு முதல் காசு போட்டது. எவ்வளவு தெரியுமா? 26 டொலர் 50 சதம்! இன்றைய ரோட்டரி அறக்கட்டளை அப்படித்தான் வளர்ந்தது. லயன்ஸ்காரர்களும் 1968இல் தங்களுக்கென்று ஓர் அறக்கட்டளை வைத்தார்கள். அந்தக் காசு பல நாட்டு அங்கத்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டது. அதனால்தான் ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குக் கேட்கிறார்கள்.

ரோட்டரியின் பெரிய மானியத்துக்கு உலகளாவிய மானியம் என்று பெயர். தனி ஆளோ, தோட்டமோ, சங்கமோ அதற்கு நேரே விண்ணப்பம் போட முடியாது. இங்குள்ள ஒரு கழகமும் வெளிநாட்டுக் கழகம் ஒன்றும் கைகோத்துத்தான் போடவேண்டும். வேலையின் மொத்தச் செலவு குறைந்தது 30,000 டொலராக இருக்கவேண்டும். குடிதண்ணீர், மலசலகூடம், தாய் சேய் நலம், நோய்த் தடுப்பு, படிப்பு, வருமானம், சமாதானம், சுற்றாடல் என்று அவர்கள் வகுத்த துறைகளுக்குள் அது அடங்கவேண்டும்.

கணக்கு இப்படி. இலங்கையும் மாலைதீவும் சேர்ந்து ரோட்டரிக்கு ஒரே மாவட்டம். நம்ம கச்சேரி மாவட்டம் வேறு. இந்த மாவட்டமும் வெளிநாட்டு மாவட்டமும் தங்கள் நிதியிலிருந்து 17,000 டொலர் ஒதுக்கினால், அறக்கட்டளையின் உலக நிதி அதற்கு நூற்றுக்கு 80 வீதம், அதாவது 13,600 டொலர் சேர்க்கும். மொத்தம் 30,600. சின்ன வேலை என்றால் மாவட்ட மானியம் என்று ஒன்று இருக்கிறது. அதை இங்குள்ள மாவட்டமே தீர்மானிக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். "டாங்கி வாங்கித் தர்றேன், வீட்டுக்கு ஆயிரம் ரூபா குடுங்க" என்று யார் வந்து கேட்டாலும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பயன் பெறப்போகிற மக்களிடம் மானியத்துக்குக் கைமாறாகக் காசு வாங்கக்கூடாது என்பது ரோட்டரியின் சட்டம். ஃபாரத்துக்கும் காசு இல்லை. இன்னொன்று, முன்னாலேயே செய்து முடித்த வேலைக்கு மானியம் கிடையாது. "கடன் வாங்கிக் கட்டுவோம், பிறகு எடுத்துக்கலாம்" என்று இறங்கிவிடாதீர்கள்.

சரி, நம்ம வேலை என்ன?

முதல் வேலை, தேவையைக் கணக்கெடுப்பது. விண்ணப்பத்துக்கு முன்னால் மக்களிடம் கேட்டு எழுதிய அறிக்கையைக் கட்டாயம் கேட்கிறார்கள். அதைத் தலைவரும் உத்தியோகத்தரும் மேசையில் இருந்து எழுதினால் போதாது. விடிய நாலு மணிக்குப் பீலியில் குடத்தோடு நிற்கிற அம்மாவிடம் கேட்கவேண்டும். செக்ரோலில் பேர் இருக்கிற வீட்டை மட்டும் எண்ணவும் கூடாது. கொழும்புக்கு வேலைக்குப் போன வீடு, பென்சன் எடுத்த தாத்தா பாட்டி வீடு, பணிய லயத்தின் கடைசிக் காம்பரா எல்லாம் சேரவேண்டும். கணக்கில் விட்ட வீட்டுக்குக் குழாயும் போகாது.

இரண்டாவது, தண்ணியை அளப்பது. மழைக் காலத்தில் எல்லா ஊற்றும் பொங்கும். பெப்ரவரி, மார்ச் வெயிலில் அளக்கவேண்டும். 10 லீற்றர் வாளியைப் பிடித்து மணிக்கூட்டைப் பாருங்கள். 40 செக்கனில் நிறைந்தால் நிமிசத்துக்கு 15 லீற்றர், ஒரு நாளைக்கு 21,600 லீற்றர். 60 குடும்பத்தில் 300 பேர் என்றால் ஆளுக்கு 72 லீற்றர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லீற்றர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆக, டாங்கி கட்டி இராத் தண்ணியையும் சேர்த்து வைத்தால் போதும். ஊற்றுக்கு மேலே தேயிலை இருந்தால் உரமும் புல்லு மருந்தும் இறங்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி தண்ணியைச் சோதித்து, அந்தத் தாளையும் வைக்கவேண்டும்.

மூன்றாவது, அனுமதி. டாங்கி வைக்கிற நிலம் நம்ம பேரில் இல்லை. கம்பனி பொறுப்பில் இருக்கிறது. ஆகவே நிருவாகத்தின் கடிதம் எழுத்தில் வேண்டும். தொரை வாயால் சொன்னது போதாது, தொரை மாறிப்போவார். 2018இல் சட்டம் திருத்திய பிறகு பிரதேச சபையும் தோட்டத்துக்குள் வேலை செய்யலாம். அவர்களுக்கும் அறிவிப்போம்.

நாலாவது, கணக்கு. பில், ரசீது, படம் எல்லாவற்றையும் குறைந்தது ஐந்து வருசம் வைத்திருக்கவேண்டும். கமிட்டிக்காரரின் மச்சானிடம் சீமெந்து வாங்குவதாக இருந்தால், அதை முன்னாலேயே கழகத்திடம் சொல்லவேண்டும். ஒளித்தால் மானியத்துக்கே ஆபத்து.

ஐந்தாவதுதான் பெரியது. கட்டின பிறகு பார்ப்பது யார்? பைப் வெடித்தால் வெள்ளைக்காரர் வரமாட்டார். திறப்பு விழாவுக்கு மாலை போட்டு, இரண்டு வருசத்தில் டாங்கி காய்ந்து, பழையபடி பீலிக்கே போன லயங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அங்கே குறை காசில் இல்லை. வால்வைத் திறந்து மூட ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு மாதம் ஒரு சின்னத் தொகை பராமரிப்புக்கு எடுத்து வைக்கலாம். அது மானியத்துக்குக் கொடுக்கிற காசு அல்ல, நம்ம டாங்கியைக் காக்க நம்ம கையில், நம்ம வங்கிப் புத்தகத்தில் இருக்கிற காசு. கணக்கை மாதா மாதம் இந்த மடுவத்துச் சுவரில் ஒட்டுவோம்.

ஆகவே, வருகிற கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள். அதில் ஒருவர் கட்டாயம் தண்ணி சுமக்கிற பெண்ணாக இருக்கவேண்டும். கணக்கெடுக்கிற தாள்களை நாங்கள் தருகிறோம், எழுதத் தெரியாதவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தாள்கள் நிறைந்து வந்ததும், அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு டவுனில் இருக்கிற கழகத்தைப் போய்ப் பார்ப்போம். நாங்கள் மட்டும் இல்லை, உங்களில் நாலு பேரும் வரவேண்டும்.