ஒரு ஈத்தில் எத்தனை குட்டி?



ஒரு பன்றி 12 குட்டி போடுகிறது. பக்கத்துக் கொட்டிலில் 6தான். 6 குட்டி என்றால் தீவனக் கடன் அடைவதே பெரும்பாடு. "எல்லாம் ராசி" என்கிறோம். ராசி இல்லை.

குட்டி எண்ணிக்கையில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் சிறு பங்குதான். பன்றிக்குப் பன்றி உள்ள வேறுபாட்டைப் 10 பங்காக்கினால், ஏறக்குறைய ஒரு பங்கே பரம்பரையாக வருவது. மற்றவை தீவனம், வயது, நோய், இணை சேர்த்த நேரம். அதனால் முதல் ஈத்தில் குறைந்ததென்று உடனே விற்றுவிடாதீர்கள். முதல் ஈத்து குறைவதே வழக்கம். அடுத்தடுத்த ஈத்துகளில் கூடும்.

அந்த ஒரு பங்கை விடலாமா? கூடாது. ஒவ்வொரு ஈத்துக்கும் கணக்கு எழுதுங்கள். எழுதத்தான் கற்றுக்கொண்டீர்களே! பிறந்தது எத்தனை, பால் மறக்கும்போது பிழைத்தது எத்தனை? பல ஈத்துகளில் நன்றாக ஈன்ற தாயின் மகளை வளர்ப்புக்கு நிறுத்துங்கள். பொலிக்கு விடும் ஆணையும் அப்படிப்பட்ட தாயிடமே எடுங்கள். ஆண் குட்டி போடாது. ஆனால் தாயின் குணத்தைத் தன் மகள்களுக்குக் கொடுக்கும்.

அண்ணன், தங்கையை இணை சேர்க்காதீர்கள். குட்டி குறையும், செத்தும் பிறக்கும். இனம் மாற்றிச் சேர்த்தால் பிறக்கும் பெண் பன்றி நல்ல தாயாகும். வடக்கு வங்காளத்தின் கருப்புப் பன்றியான குங்ரூ அதிகக் குட்டிக்குப் பெயர் பெற்றது. அதை ஹாம்ப்ஷயரோடு கலந்து, அசாமில் குவாஹாட்டி அருகே ராணியில் உள்ள தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம் ஒரு கலப்பினத்தை உருவாக்கியது. அதற்கும் 'ராணி' என்றே பெயர்.

பெண் குட்டியை எடுக்கும்போது காம்பையும் எண்ணுங்கள். ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். 12 காம்பாவது வேண்டும்.