விளியும் மறுமொழியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்விழாவில், 'மனித உறவுகளும் கருத்துப் பரிமாற்றமும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். பொருள் மிகப் பெரிது. அதனுள் ஒரு சிறு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒருவரை ஒருவர் எவ்வாறு விளிக்கிறோம், அதற்கு எத்தகைய மறுமொழி வருகிறது என்பதே அது. நேர்முகத் தேர்வில் பேசும் முறையைச் சொல்லித் தருவேன் என்று எதிர்பார்த்து வந்த இளைஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் பிறந்தது காவிரிப் படுகையில் ஒரு சேரியில். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்தில், என்னோடு ஒரே வகுப்பில் பயின்ற நிலக்கிழார் வீட்டுச் சிறுவன் ஒரு நாள் மாலை எங்கள் தெருமுனையில் வந்து நின்றான். என் தந்தையாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நாளைக்கு அறுப்புக்குப் பத்து ஆள் கூட்டிக்கிட்டு வாடா" என்றான். அவனுக்கு வயது பத்து. என் தந்தையாருக்கு நாற்பதுக்கு மேல். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சரிங்க, சின்ன ஆண்டே" என்றார். மறுநாள் பள்ளியில் அச்சிறுவன் என்னோடு கோலி விளையாடினான். அவன் என்னை 'நீ' என்றான். நானும் அவனை 'நீ' என்றேன். அந்த 'நீ' என்னைச் சுடவில்லை. முந்திய நாள் கேட்ட 'வாடா' இன்றும் சுடுகிறது. இந்த வேறுபாட்டின் காரணத்தை அறிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவில் உளநல ஆய்வில் ஈடுபட்டிருந்த பால் வாட்சுலாவிக், ஜேனட் பீவின், டான் ஜாக்சன் ஆகிய மூவர் 1967 இல் ஒரு நூல் வெளியிட்டனர். மனிதர் பேசும் ஒவ்வொரு பேச்சிலும் இரண்டு அடுக்குகள் உண்டு என்பது அந்நூலின் கொள்கைகளுள் ஒன்று. ஒன்று செய்தி, மற்றொன்று பேசுவோர் இருவருக்கும் இடையேயுள்ள உறவு பற்றிய அறிவிப்பு. அச்சிறுவன் கொண்டுவந்த செய்தி, பத்து ஆள் வேண்டும் என்பது. அதன் மேலேறி வந்த அறிவிப்பு, 'நான் ஆள்பவன், நீ ஆளப்படுபவன்' என்பது. என் தந்தையாரின் மறுமொழியிலும் இவ்விரண்டும் இருந்தன. பத்து ஆளுக்குச் 'சரிங்க'. உறவுக்குக் கக்கத்துத் துண்டு.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் ஒரு பொருளை வேண்டிக் கேட்கும் சொற்களாக 'ஈ', 'தா', 'கொடு' என மூன்றைக் கூறி, முதலாவது தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்பது, இரண்டாவது ஒத்தவன் கேட்பது, மூன்றாவது உயர்ந்தவன் கேட்பது என்று பிரித்து வைத்தார். தமிழின் நுட்பம் என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. நுட்பந்தான். ஆயினும் ஒருவன் வாய் திறந்து ஒரு பொருளைக் கேட்கும் முன்னரே அவனுடைய படிநிலை சொல்லில் வந்து நின்றுவிடுகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1960 இல் ரோஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் என்னும் இருவர் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்தனர். பிரெஞ்சு மொழியில் 'து', 'வூ' என்றும், ஜெர்மன் மொழியில் 'டூ', 'ஸீ' என்றும் நம் 'நீ', 'நீங்கள்' போன்ற இணைகள் உள்ளன. ஒருவர் 'து' என்று சொல்லி 'வூ' என்னும் மறுமொழியைப் பெற்றால் அங்கே அதிகாரம் நிலவுகிறது. இருவரும் ஒரே சொல்லைப் பரிமாறிக்கொண்டால், அது எச்சொல்லாயினும், அங்கே சமநிலை இருக்கிறது. இதுவே அவர்கள் கண்ட முடிவின் சாரம்.

இதைப் படித்தபோதுதான் என் கோலி விளையாட்டின் புதிர் விடுபட்டது. 'நீ' என்னும் சொல்லில் இழிவு இல்லை. சங்கப் புலவர்கள் மன்னர்களைப் பெரும்பாலும் 'நீ' என்றே பாடினர். தாய் மகனை 'நீ' என்கிறாள். பக்தன் கடவுளையும் அவ்வாறே அழைக்கிறான். பன்மையாக இருந்த 'நீர்' பிற்காலத்தில் மரியாதை ஒருமையாயிற்று. அதுவும் போதாமல் 'கள்' விகுதி சேர்ந்து 'நீங்கள்' வழக்கில் வந்தது. திரும்பி வர வழியில்லாத 'நீ'யே இழிவைச் சுமக்கிறது.

நம் முன்னோர் இவ்விளியோடு நடத்திய போராட்டத்தை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893 இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். பிறர் இழிவாக எறிந்த பெயரைத் தாமே எடுத்து முகப்பில் அச்சிட்டு நிமிர்ந்து நின்றார். எம்.சி. ராஜா அவர்கள் மற்றொரு வழியை மேற்கொண்டார். சென்னைச் சட்டமன்றத்தில் அவர் மேற்கொண்ட முயற்சியால், அரசு ஆவணங்களில் 'பஞ்சமர்', 'பறையர்' என்பவற்றுக்கு மாற்றாக 'ஆதிதிராவிடர்', 'ஆதி ஆந்திரர்' என்னும் பெயர்கள் 1922 இல் ஏற்கப்பட்டன. அண்ணல் அம்பேத்கர் 1920 இல் தொடங்கிய இதழின் பெயர் 'மூக்நாயக்'. பேச்சற்றோரின் தலைவன் என்பது அதன் பொருள். சீனிவாசனார் வழி சரியா, ராஜா வழி சரியா என்று விடுதியில் நீங்கள் வாதிடுவதை நான் கேட்டிருக்கிறேன். தொடர்ந்து வாதிடுங்கள். இரண்டும் ஒரே விளிக்குத் தரப்பட்ட இரண்டு மறுமொழிகள் என்பதே என் கருத்து.

இன்று சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்குடன் வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றமாக்கியது. 2015 ஆம் ஆண்டின் திருத்தம், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகவே சேர்த்தது. ஆயினும் அலுவலகத்தில் எல்லாரையும் 'சார்' என்று அழைக்கும் ஒருவர் உங்களை மட்டும் 'இங்கே வா' என்று அழைக்கும்போது எந்தப் பிரிவைத் தேடுவது?

எனக்கு அது நேர்ந்தது. முதல் பணியில் என் மேலதிகாரி அவ்வாறே என்னை அழைத்துவந்தார். மூன்று ஆண்டுகள் வாய் மூடி இருந்தேன். என் மௌனத்தை அவர் இசைவாகக் கொண்டார். ஒரு நாள் பொறுக்க இயலாமல் எல்லார் முன்னிலையிலும் கத்திவிட்டேன். அதன் பின்னர் அலுவலகம் முழுவதும் என் கோபத்தைப் பற்றியே பேசியது. அவருடைய விளியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மௌனத்துக்கும் வெடிப்புக்கும் நடுவே ஒரு வழி இருந்தது. முதல் வாரத்திலேயே தனியே சென்று, "ஐயா, மற்றவர்களை அழைப்பது போலவே என்னையும் அழையுங்கள்" என்று அமைதியாகச் சொல்லியிருக்கலாம். அவருடைய உள்நோக்கத்தை ஆராயாமல், நடந்ததையும் நான் வேண்டுவதையும் மட்டும் சொல்வது அது. தாமஸ் கார்டன் என்னும் உளவியலார் 1970 இல் பெற்றோர்க்காக எழுதிய நூலில், 'நீ இப்படிப்பட்டவன்' என்று குற்றம் சாட்டுவதைவிட 'எனக்கு இவ்வாறு இருக்கிறது' என்று தொடங்குவது பயன் தரும் என்றார். நல்ல அறிவுரை. ஆனால் தாய்க்கும் மகனுக்கும் இடையே பயன்படுவது, கூலி தருபவனுக்கும் கூலி பெறுபவனுக்கும் இடையே முழுமையாகப் பயன்படாது. அமைதியாகச் சொல்லியும் மாறாவிட்டால் நாளும் நேரமும் குறித்து வையுங்கள், சாட்சியைத் தேடுங்கள், சங்கத்துக்கு வாருங்கள். இனிமையாகப் பேசத் தெரியாததால்தான் நமக்கு மதிப்புக் கிடைக்கவில்லை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நான் அதிகாரியான பிறகு, என் அலுவலகத்தைப் பெருக்கிய ஓர் அம்மையாரைப் பல மாதங்கள் 'வா, போ' என்றே பேசிவந்தேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னை 'ஐயா' என்றார். அலுவலகத்துக்கு ஒருமுறை வந்திருந்த என் மகள் வீடு திரும்பும் வழியில், "அப்பா, அந்தப் பாட்டியை ஏன் அப்படிப் பேசுகிறீர்கள்?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. இங்கே அமர்ந்திருக்கும் ஆடவர் பலரும் மனைவியிடமிருந்து 'நீங்கள்' பெற்று 'நீ' திருப்பித் தருபவர்களே. தாய்மார்கள் சிரிக்கிறார்கள், ஆடவர் சிரிக்கவில்லை!

இறுதியாகக் கேட்டல் பற்றி ஒரு சொல். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்து 42 ஆம் அதிகாரமாகக் 'கேள்வி'யை வைத்தார். தமிழில் அச்சொல் செவியால் கேட்பதற்கும் வினாவுக்கும் பொது. நம் இளைஞர் பலர் பட்டம் பெற்றதும் தந்தையோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். நானும் அப்படியே இருந்தேன். கல்லூரி நாளில் ஒருமுறை, "அந்தப் பையனிடம் ஏன் கைகட்டி நின்றீர்கள்?" என்று தந்தையாரிடம் கேட்டேன். அது வினா அன்று, குற்றச்சாட்டு. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவருடைய கடைசி ஆண்டில், மருத்துவமனையில் உடனிருந்த ஓர் இரவு, அந்நாளைய வாழ்க்கையைப் பற்றிச் சொல்லச் சொல்லி இடைமறிக்காமல் கேட்டேன். நெடுநேரம் கழித்து அவர் சொன்னார்: "உன்னை மாடு மேய்க்க அனுப்பச் சொல்லி அந்த வீட்டுலே மூணு வருசம் கேட்டாங்க. மூணு வருசமும் முடியாதுன்னு சொன்னேன். அதுக்கு மேலே இன்னொன்னுக்கு முடியாதுன்னு சொல்ல அப்போ நமக்கு இடமில்லே."

அத்தனை ஆண்டுகள் அவருடைய மகனாக வாழ்ந்தும், அச்செய்தி அன்றுதான் என் செவிக்கு வந்தது.