பென்ஷன் யார் வீட்டுத் தர்மம்?
(காஞ்சீபுரத்தில் நெசவாளர்களும் சர்க்கார் சிப்பந்திகளும் கூடிய கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சர்க்கார் சிப்பந்திகளின் பென்ஷனைப் பற்றியும் வைத்திய வசதியைப் பற்றியும் பேசும்படி எனக்குக் கட்டளையிடப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டவுடன் இங்குள்ள நெசவுத் தோழர்களில் சிலர், “அது சம்பளக்காரர் பாடு, குழித்தறியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு அதில் என்ன வேலை?” என்று நினைக்கக்கூடும். அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனாலும் அது சரியல்ல என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலாவது, பென்ஷன் என்றால் என்ன? எஜமான் மனமிரங்கிக் கொடுக்கும் இனாம் என்றே நம்மவர்களில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்த எண்ணம் தானாக வந்ததல்ல. வெள்ளைக்கார சர்க்கார் 1871-ல் செய்த பென்ஷன் சட்டத்திலேயே, பென்ஷன் சம்பந்தமான வழக்கைச் சிவில் கோர்ட்டுகள் சாதாரணமாய் விசாரிக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். இதற்கு அர்த்தம் என்ன? கொடுத்தால் வாங்கிக்கொள், கொடுக்காவிட்டால் வாயை மூடிக்கொள் என்பதுதானே! கோயில் மடைப்பள்ளி வாசலில் பிரசாதத்துக்குக் கையேந்தி நிற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த எண்ணத்தின் தலையில் அடித்தது சுப்ரீம் கோர்ட்டு. 1971-ல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கிலும், பிறகு 1982 டிசம்பர் 17-ந் தேதி நகாரா வழக்கிலும், பென்ஷன் யாருடைய தயவுமல்ல, உழைத்தவனுக்குள்ள பாத்தியதை என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தேதியைப் பென்ஷன்காரர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பஞ்சாங்கத்தில் இல்லாவிட்டாலும், அர்த்தமுள்ள பண்டிகை அது ஒன்றுதான் என்பேன்.

ஆனால், பிறகு நடந்ததென்ன? 20 வருஷம் கழிந்ததும், 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் சர்க்கார் வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்றார்கள். மத்திய சர்க்காரும் 2004 ஜனவரி 1 முதல் அதே வழிக்குப் போயிற்று. இங்கே சிப்பந்தியின் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் நூற்றுக்கு 10 பிடிப்பது, சர்க்கார் அதே அளவு போடுவது, ஓய்வு பெறும் நாளில் திரண்ட தொகையை வட்டியோடு கொடுத்து அனுப்பிவிடுவது என்பதுதான் ஏற்பாடாக இருந்தது. அதன் பிறகு மாதாமாதம் என்ற பேச்சே இருக்கவில்லை. அவர் இறந்துபோனால் குடும்பத்துக்கும் பென்ஷன் இல்லாமலிருந்தது.

“மொத்தமாய் வாங்கிக்கொண்டு சிக்கனமாய் இருக்கட்டுமே” என்று சில புத்திசாலிகள் கேட்கிறார்கள். நான் கேட்கிறேன்: 60 வயதில் ஓய்வு பெறுகிறவன் 62-ல் சாவானா, 90-ல் சாவானா? எந்த ஜோசியன் சொல்லுவான்? தெரியாதபோது வருஷத்துக்கு எவ்வளவு செலவு செய்வது என்று எந்தக் கணக்கன் பங்கு போடுவான்? ஒருவனுடைய ஆயுள் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் லட்சம் பேரைச் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரி தெரிந்துவிடும். ஆகையினால்தான் எல்லோரும் சேர்ந்து முதுமையைத் தாங்கவேண்டும் என்பது. ஜெர்மனி 1889-லும், பிரிட்டன் 1908-லும் முதியோர் பென்ஷனுக்குச் சட்டம் செய்தது இந்தக் கணக்கைக் கண்டுதான்.

சிப்பந்திகள் வருஷக்கணக்கில் போராடியதின் பேரில் இப்பொழுது கொஞ்சம் அசைந்திருக்கிறது. மத்திய சர்க்கார் 2025 ஏப்ரல் முதல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2026 ஜனவரி 3-ந் தேதி, கடைசிச் சம்பளத்தில் பாதிக்கு உறுதி சொல்லும் திட்டம் அறிவிக்கப்பட்டது. சந்தோஷந்தான். ஆனால் 10 பங்கு பிடிப்பது நிற்கவில்லை. இடையிலே பென்ஷன் இல்லாமல் ஓய்வு பெற்றவர்களுக்கு அந்த அறிவிப்பு கொடுப்பதாகச் சொன்னதற்குப் பெயர் என்ன தெரியுமா? “கருணை ஓய்வூதியம்”! 1982-ல் கோர்ட்டு வாசல் வழியாய் விரட்டிய கருணை, 2026-ல் கொல்லைப்புறமாய் வந்துவிட்டது பாருங்கள். தொகை சிறியதா பெரியதா என்பது வேறு விஷயம். பாத்தியதையைக் கருணை என்று சொல்லிக் கொடுத்தால், நாளைக்குக் கருணை வற்றிவிட்டது என்றும் சொல்லலாமல்லவா?

இனி வைத்தியம். 2022 ஜூலையில் தொடங்கிய பென்ஷன்காரர் இன்ஷூரன்ஸில் மாதம் 497 ரூபாய் பிடித்தார்கள். 4 வருஷத்துக்கு 5 லட்சம் வரை என்றார்கள். படுக்கையில் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் இன்ஷூரன்ஸ். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் தினம் விழுங்கும் மாத்திரைக்கு அது பொறுப்பல்ல. கிழவன் விழாமல் பார்த்துக்கொள்வதற்குக் காசில்லை, விழுந்தபின் தூக்கத்தான் காசு என்றால் இது என்ன புத்தி? நமது ஊர்க் காரப்பேட்டையில் அண்ணா பெயரால் சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே கார்டைக் காட்டி கம்பெனியின் சம்மதத்திற்காகக் காத்திருப்பது பெரிதா, நோயாளி என்பதே போதும் என்பது பெரிதா? சர்க்கார் ஆஸ்பத்திரி பலப்பட்டால் சிப்பந்திக்கும் லாபம், நெசவாளிக்கும் லாபம்.

கடைசியாக நெசவுத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டுறவுச் சங்க நெசவாளர் சேமிப்புத் திட்டத்தில் கூலி ரூபாய்க்கு நீங்கள் 8 காசு போட்டால் சர்க்கார் 4 காசு போடும். சிப்பந்திக்குச் சரிக்குச் சரி, உங்களுக்குப் பாதி! சங்கத்தில் இல்லாமல் முதலாளியிடம் நெய்பவனுக்கு அதுவுமில்லை. தமிழ்நாட்டில் 1962-ல் வந்த முதியோர் பென்ஷன், 2023 ஆகஸ்டில்தான் மாதம் 1,200 ஆயிற்று. சாமிக்கும் கலியாணத்துக்கும் ஆயுள் முழுவதும் கோர்வைச் சேலை நெய்து, கண்ணும் இடுப்பும் போனபின் “தலையெழுத்து” என்று சும்மா இருப்பதா? எழுதினவன் எவன் என்று கேளுங்கள். சட்டம் எழுதினவன்தான் என்று தெரியவரும். மனிதன் எழுதினதை மனிதன் திருத்தலாம்.

ஆகவே, “அவனுக்கு மட்டும் ஏன்?” என்று நெசவாளி கேட்கவேண்டாம், “எனக்கு ஏன் இல்லை?” என்று கேட்கட்டும். சிப்பந்தித் தோழர்களும் தங்கள் மனுவில் தறிக்காரனுக்கும் ஒரு வரி சேர்க்கவேண்டும். தனக்கு மட்டும் கேட்பது சலுகை. எல்லோருக்கும் கேட்பதுதான் உரிமை என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.