சூடேறாத இஸ்திரிப் பெட்டி

ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் இஸ்திரிப் பெட்டி சூடேற மறுக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: 230 வோல்ட், 1000 வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம், சுமார் 4.35 ஆம்பியர். வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் உள்ளேயிருக்கும் கம்பிச்சுருளின் மின்தடை, ஏறக்குறைய 53 ஓம். ஜெர்மானியரான ஜார்ஜ் ஓம் 1827-லேயே புத்தகம் போட்டுச் சொன்ன கணக்கு இது.

லோ வோல்டேஜில் 180 வோல்ட்தான் வருகிறதென்று வையுங்கள். கம்பி மாறவில்லை, அதே 53 ஓம். ஆனால் மின்னோட்டமும் கூடவே 3.4 ஆம்பியராக இறங்கிவிடும். இரண்டையும் பெருக்கினால் 612 வாட். வோல்டேஜில் போனது நூற்றுக்கு 22. சூட்டில் போனதோ 39! பாவம், பெட்டியைத் திட்டுகிறோம்.